சந்தியாகப்பர் வழியின் இறுதி நாள்: இருபது கிலோமீட்டரின் வரலாறு

ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையில் அமைந்த கலீசியாவில், ஓ பெத்ரோசோ என்னும் சிற்றூரிலிருந்து சந்தியாகோ தே கொம்போஸ்தேலா நகரப் பேராலயம் வரை செல்லும் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் பாதை, ஐரோப்பாவின் கத்தோலிக்கத் திருப்பயண வழிகளுள் மிகுதியாக நடக்கப்படும் ஒன்றின் இறுதி நாள் நடையாக இன்று விளங்குகிறது. பிரான்சின் தென்மேற்கு எல்லையில், பிரனீசு மலையடிவாரத்தில் உள்ள சென்-ழான்-பியே-தெ-போர் என்னும் ஊரில் தொடங்கி ஏறத்தாழ 780 கிலோமீட்டர் நீளும் இந்த நெடும்பாதை 'பிரெஞ்சு வழி' எனப்படுகிறது. இதன் முடிவில் வணங்கப்படுபவர் இயேசுவின் பன்னிரு திருத்தூதர்களுள் ஒருவரும் செபதேயுவின் மகனுமான பெரிய யாக்கோபு; தமிழ்க் கத்தோலிக்கர் நெடுங்காலமாகச் சந்தியாகப்பர் என்று அழைத்துவரும் புனிதர் இவரே. இராமேசுவரம் தீவில் தங்கச்சிமடத்திலும் யாழ்ப்பாணத்துக் கிளாலியிலும் இவருக்குக் கோயில்கள் உள்ளன. கிளாலிக் கோயிலை ஒட்டித் தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் 1647ஆம் ஆண்டில் 'சந்தியோகுமையோர் அம்மானை'யை இயற்றினார் என்பதிலிருந்து, ஐபீரிய நாட்டினர் கடல் கடந்து கொண்டுவந்த இவ்வழிபாடு தமிழ் மண்ணில் எவ்வளவு விரைவாக வேர்கொண்டது என்பது விளங்கும்.

பிரெஞ்சு வழியின் இறுதி நாள் நடையை இடைக்காலத்தின் அழியாத எச்சமாகக் காண்பது பொதுவழக்கு. பாதையோரக் கற்சிலுவைகளும் ஓடையில் நீராடும் மரபும் குன்றின்மேல் நின்று கோபுரங்களைக் காணும் வழக்கமும் அந்த எண்ணத்தை வலுப்படுத்துகின்றன. ஆயினும் ஒவ்வொரு கூறையும் தனித்தனியே எடுத்து அதன் தோற்றத்தையும் மாற்றத்தையும் ஆராய்ந்தால், இந்த 20 கிலோமீட்டர் தொலைவு பல நூற்றாண்டுகளில் பல அதிகாரங்களால் திரும்பத் திரும்ப ஆக்கப்பட்டது என்பதும், திருப்பயணத்துக்கு 'இறுதி நாள்' ஒன்று உண்டு என்ற கருத்தே பிற்காலத்தது என்பதும் தெளிவாகும்.

கல்லறையும் வழியும்

ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இரியா என்னும் ஊரின் ஆயராக இருந்த தியோதோமிரோ, காட்டில் தென்பட்ட ஒளியைப் பற்றித் துறவி ஒருவர் சொல்லக் கேட்டுச் சென்று, பழைய கல்லறை ஒன்றைக் கண்டு, அது யாக்கோபுடையது என அறிவித்தார் என்பது மரபு. ஆயர் தியோதோமிரோவையே பிற்காலக் கற்பனை எனக் கருதிய ஆய்வாளரும் இருந்தனர். 1955ஆம் ஆண்டில் பேராலயத் தரையின் கீழ் நடந்த அகழாய்வில், 847ஆம் ஆண்டு குறிக்கப்பட்ட அவருடைய கல்லறைப் பலகை கிடைத்தபின் அந்த ஐயம் நீங்கியது. எருசலேமில் கொலையுண்ட திருத்தூதரின் உடல் கலீசியாவை அடைந்ததற்கு வரலாற்றுச் சான்று இல்லை. ஆனால் அவ்வாறு நம்பப்பட்டதும், அஸ்தூரியாசு அரசர் இரண்டாம் அல்போன்சோ அவ்விடத்தில் கோயில் எழுப்பியதும், வட ஐபீரியாவின் சிறு கிறித்தவ அரசுகளுக்கு அது பெருமையும் துணையும் ஆனதும் வரலாறாகும். 997ஆம் ஆண்டில் கோர்தோபாவின் படைத்தலைவர் அல்மன்சோர் நகரைத் தாக்கி, கோயிலை இடித்து, அதன் மணிகளைக் கொண்டுசென்றார். கல்லறை மட்டும் தீண்டப்படாமல் விடப்பட்டது. இன்று நிற்கும் பேராலயத்தின் கட்டுமானம் 1075ஆம் ஆண்டளவில் தொடங்கியது.

வழியைப் பற்றிய மிகப் பழைய விரிவான விவரிப்பு, பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொகுக்கப்பட்ட 'கலிக்ஸ்தினுஸ் ஏடு' என்னும் இலத்தீன் கையெழுத்துச் சுவடியில் உள்ளது. பாப்பரசர் இரண்டாம் கலிஸ்துவின் பெயரால் வழங்கினாலும் அவர் எழுதாத இச்சுவடி ஐந்து நூல்களைக் கொண்டது. அவற்றுள் ஐந்தாவது, திருப்பயணிக்கான வழிகாட்டி. பிரான்சின் புவாத்தூ பகுதியைச் சேர்ந்த எமெரிக் பிகோ என்னும் குரு இதை எழுதியதாகக் கருதுவோர் பலர். இந்நூல் பிரனீசு மலையிலிருந்து கொம்போஸ்தேலா வரையுள்ள தொலைவைப் பதின்மூன்று கட்டங்களாகப் பிரிக்கிறது. பதின்மூன்றாவதான இறுதிக் கட்டம் பாலாஸ் தே ரேய் என்னும் ஊரில் தொடங்கி நகரத்தில் முடிகிறது. நூலாசிரியர் அதைச் சிறிய கட்டம் என்றே குறிக்கிறார். இன்றைய கணக்கில் அது 65 கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. இன்றைய நடையாளர் அதற்கு மூன்று நாட்கள் எடுத்துக்கொள்கிறார். அக்கட்டத்தில் போயெந்தே, கஸ்தன்யேதா, பெர்ரெய்ரோஸ் முதலிய ஊர்களைக் குறிப்பிடும் வழிகாட்டி, ஓ பெத்ரோசோவைக் குறிப்பிடவில்லை. ஆகவே இன்றைய நடையாளர் கடைசி இரவைக் கழிக்கும் ஊர், இடைக்கால வழிகாட்டியில் இடம்பெறாத ஊர். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் தங்குமிடங்கள் அமைந்ததனாலேயே அது வழியின் கணக்கில் இடம்பெற்றது.

காடும் ஓடுதளமும்

ஓ பெத்ரோசோவிலிருந்து விடியற்காலையில் புறப்படுவோர் முதலில் நுழைவது யூகலிப்டஸ் காடு. தமிழ்நாட்டில் தைலமரம் என வழங்கும் இம்மரம், நீலகிரிக்கு வந்ததைப் போலவே, பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து கலீசியாவுக்கு வந்தது. இருபதாம் நூற்றாண்டில், குறிப்பாகக் காகிதக்கூழ் ஆலைகளின் தேவைக்காக, மலைச்சரிவுகளில் பெருமளவில் நடப்பட்டது. இடைக்காலத் திருப்பயணி கண்டது ஓக், கஷ்கொட்டை மரங்களின் காடு. இன்றைய நடையாளர் 'பழமையான காடு' என்று வியந்து கடக்கும் நிழல், பெரும்பாலும் வணிகத் தோட்டத்தின் நிழலே ஆகும். காடுகளுக்கு இடையிடையே வரும் சிற்றூர்களில்தான் பழைய நாட்டுப்புறத்தின் தடயங்கள் எஞ்சியுள்ளன: மாட்டுவண்டிகள் பல தலைமுறைகளாகச் சென்று தேய்த்ததால் இருபுறக் கரைகளுக்கும் கீழே தாழ்ந்துபோன மண்தடங்கள், கருங்கல் வீடுகள், எலியும் ஈரமும் அணுகாதவாறு கற்கால்களின்மேல் உயர்த்தி நிறுத்தப்பட்டு, மக்காச்சோளக் கதிர்களைச் சேர்த்துவைக்கப் பயன்பட்ட 'ஒர்ரெயோ' என்னும் நீள்வடிவக் குதிர்கள். மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பயிராதலால், கலீசிய நாட்டுப்புறத்தின் அடையாளமாகப் போற்றப்படும் இக்குதிர்கள் பெருகியதும் பதினாறாம் நூற்றாண்டுக்குப் பிந்தைய செய்தியே.

அமெனால் என்னும் சிற்றூரைக் கடந்து மேடேறியதும், பாதை திடீரென விமான நிலைய வேலியை ஒட்டி வளைந்து செல்கிறது. நகரத்தின் விமான நிலையம் 1930களில் இங்கே தொடங்கப்பட்டது. உள்நாட்டுப் போரில் தோற்ற குடியரசுத் தரப்பின் கைதிகள், போர் முடிந்தபின் லவக்கோல்யாவில் அமைந்த முகாமில் அடைக்கப்பட்டு, ஓடுதளப் பணியில் ஈடுபடுத்தப்பட்டனர். ஓடுதளம் பழைய வழித்தடத்தை விழுங்கியதால், இன்று நடையாளர் செல்வது அதைச் சுற்றிச்செல்லும் மாற்றுப்பாதை. 2020ஆம் ஆண்டில் இந்நிலையத்துக்குக் கலீசிய மொழியின் பெருங்கவிஞர் ரோசலியா தே காஸ்த்ரோவின் பெயர் சூட்டப்பட்டது. அவருடைய கல்லறை, அன்று பிற்பகலில் இதே நடையாளர் நகருக்குள் நுழையும் இடத்தருகே உள்ள பொனவால் மடத்துக் கோயிலில் இருக்கிறது.

ஓடையில் நீராடல்

விமான நிலையத்தைச் சுற்றி இறங்கும் பாதை லவக்கோல்யா ஊரை அடைகிறது. இங்குள்ள சிற்றோடையைப் பற்றி வழிகாட்டி நூல் தெளிவாகவே பேசுகிறது: நகருக்கு அண்மையில், மரங்கள் அடர்ந்த இடத்தில் ஓடும் இந்நீரில் பிரெஞ்சு நாட்டுத் திருப்பயணிகள் ஆடை களைந்து, மறைவுறுப்புகளோடு உடல் முழுவதையும் கழுவித் திருத்தூதரின் அன்பின்பொருட்டுத் தம்மைத் தூய்மை செய்துகொண்டனர் என்பது அதன் செய்தி. பல வாரங்கள் ஒரே உடையோடு நடந்து, பொதுக் கூடங்களில் வைக்கோல்மேல் படுத்து வந்தவர்களுக்கு இது உடல்நலத் தேவையும் ஆகும். இருப்பினும் நூலாசிரியர் இதை நலவாழ்வுச் செய்தியாகச் சொல்லாமல் பக்திச் செயலாகவே சொல்கிறார். கோயிலுக்குமுன் நீராடுதல் என்னும் எண்ணம் இந்தியச் சமயங்களுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இது நல்ல சான்று.

இவ்வழக்கம் பிற்காலத்தில் மெல்லத் தேய்ந்தது. பதினேழாம் நூற்றாண்டில் பலமுறை இவ்வழி நடந்த இத்தாலியக் குரு தொமேனிகோ லாஃபி, 1673ஆம் ஆண்டில் வெளியான தம் பயண நூலில், நகரம் நெருங்கியதை அறிந்து நீரூற்று ஒன்றில் இளைப்பாறி உடை மாற்றியதைக் குறிக்கிறார். ஆடை களைந்து நீராடும் பழைய சடங்கு அவர் காலத்தில் உடைமாற்றலாகச் சுருங்கியிருந்தது. இன்று ஓடையோரத்தில் நின்று கையையும் முகத்தையும் நனைத்துச் செல்வோர் சிலரே. முந்திய இரவில் தங்குமிடத்திலேயே வெந்நீரில் குளித்துவிட்டு வருபவர்களுக்கு இவ்வோடை வாசித்தறிந்த ஓர் இடமாக மட்டுமே எஞ்சுகிறது.

மகிழ்ச்சிக் குன்று

லவக்கோல்யாவிலிருந்து பாதை மீண்டும் ஏறுகிறது. தொலைக்காட்சி நிலையங்களின் கட்டடங்களையும் சான் மார்க்கோஸ் சிற்றாலயத்தையும் கடந்தால், 'மோந்தே தோ கோசோ', அதாவது மகிழ்ச்சிக் குன்று எனப்படும் மேட்டை அடையலாம். பேராலயத்தின் கோபுரங்கள் முதன்முதலாகக் கண்ணில் படும் இடம் இது என்பதால் இப்பெயர். தொலைதூரத் திருத்தலங்களுக்குச் செல்லும் வழிகளில் இத்தகைய குன்றுகள் வேறிடங்களிலும் இருந்தன. எருசலேமை முதலில் காணும் மேட்டுக்கும் சிலுவைப்போர்க் காலத்தில் இதே பொருளுடைய பெயர் வழங்கியது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பின்னாளில் கொம்போஸ்தேலாவின் முதல் பேராயரான தியேகோ ஹெல்மீரெஸ், இக்குன்றில் திருச்சிலுவைக் கோயில் ஒன்றை எழுப்பினார். நகரிலிருந்து பவனிகள் அங்கே சென்றன. தம் மறைமாவட்டத்தை 1120ஆம் ஆண்டில் பேராயர் மாவட்டமாக உயர்த்திக்கொள்ளும் அளவுக்கு உரோமையோடு வாதாடி வென்ற ஹெல்மீரெஸ், பயணிகள் நகரை முதலில் எப்படிக் காணவேண்டும் என்பதையும் திட்டமிட்டார் என்று கருத இடமுண்டு.

கூட்டமாக வருவோருள் கோபுரத்தை முதலில் கண்டவரை 'அரசர்' என்று அழைக்கும் வழக்கம் இருந்தது என்றும், பிரான்சில் வழங்கும் 'ல ருவா' போன்ற குடும்பப் பெயர்கள் சில அதிலிருந்தே தோன்றின என்றும் மரபு கூறும். குதிரையில் வந்தவர்கள் இங்கே இறங்கி, எஞ்சிய தொலைவை நடந்தே கடந்தனர் என்பதும் சொல்லப்படுகிறது. லாஃபி இக்குன்றை அடைந்தபோது, தம் குழுவினர் மண்டியிட்டு நன்றிப் பாடல் பாடத் தொடங்கி, கண்ணீரால் இரண்டு மூன்று அடிகளுக்குமேல் பாட இயலாமற்போனதை எழுதியுள்ளார்.

இங்கு ஒரு செய்தியைக் கருத்திற்கொள்ள வேண்டும். இன்றைய நடையாளர் குன்றிலிருந்து காணும் மேற்கு முகப்பின் இரட்டைக் கோபுரத் தோற்றம், கட்டடக் கலைஞர் பெர்னாந்தோ தே காசாஸ் நோவோவா 1738ஆம் ஆண்டில் தொடங்கிப் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் நிறைவுபெற்ற பணியின் விளைவு. ஆகவே பன்னிரண்டாம் நூற்றாண்டின் பயணியும் லாஃபியும் இன்றைய நடையாளரும் ஒரே குன்றில் நின்று கண்டது வெவ்வேறு கோபுரங்களை. குன்றும் அதேபோல் மாறியது. 1989 ஆகஸ்டில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் தலைமையில் நடந்த உலக இளைஞர் நாளுக்குச் சில லட்சம் பேர் இங்கே கூடினர். அந்நிகழ்வுக்காகச் சரிவு திருத்தப்பட்டது. 1993ஆம் ஆண்டின் புனித ஆண்டை ஒட்டி, கலீசிய மாநில அரசு பெரும் தங்குமிட வளாகத்தை இங்கே கட்டியது. கோபுரங்களை நோக்கிக் கைநீட்டி மகிழும் இரு திருப்பயணிகளின் சிலைகளும் அண்மைக் காலத்தவையே. நகரத்தை நோக்கிய காட்சியை மரங்களும் கட்டடங்களும் மறைத்துவிட்டதால், எங்கே பார்க்கவேண்டும் என்பதைச் சிலைகளைக் கொண்டு சுட்டவேண்டிய நிலை வந்தது.

தொழுநோயர் இல்லமும் சிப்பிக் கடையும்

குன்றிலிருந்து இறங்கியதும் வரும் சான் லாசரோ பகுதியில், பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொழுநோயர் இல்லம் நிறுவப்பட்டது. நோயுற்றோரை மதிலுக்கு வெளியே, அதே வேளையில் பயணிகளின் ஈகை கிடைக்கும் சாலையோரத்தில் வைப்பது இடைக்கால நகரங்களின் பொதுவான ஏற்பாடு. அதனையடுத்து வரும் கொன்ச்செய்ரோஸ் தெரு, சிப்பி விற்பவர்களின் பெயரால் வழங்குகிறது. கலீசியக் கடலில் கிடைக்கும் விசிறி வடிவச் சிப்பி, இத்திருப்பயணத்தை நிறைவேற்றியதன் அடையாளமாகத் தொப்பியிலோ மேலாடையிலோ தைத்துக்கொள்ளப்பட்டது. இன்று நடையாளர்கள் பயணத்தின் தொடக்கத்திலேயே சிப்பியை முதுகுப்பையில் கட்டிக்கொள்கின்றனர். இடைக்காலத்தில் அது இறுதியில், நகரத்தில் வாங்கப்படுவதே முறை. பேராலயத்தின் வடவாயில் எதிரில் 'பரதேசு' எனப்பட்ட முற்றத்தில் சிப்பிகளோடு மதுத்தோற்பைகள், காலணிகள், மான்தோல் பைகள், வார்ப்பட்டைகள், மூலிகைகள் முதலியன விற்கப்பட்டதை வழிகாட்டி நூல் பட்டியலிடுகிறது. சிப்பி வணிகர்கள் பேராயருக்கு வாடகை செலுத்தினர். நகருக்கு வெளியே சிப்பி விற்போரைத் திருச்சபையிலிருந்து விலக்குவதாகப் பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாப்பரசர்கள் எச்சரித்தனர். பக்தியின் அடையாளம், அவ்வகையில், காக்கப்பட்ட தனியுரிமைச் சரக்காகவும் இருந்தது.

பயணிகளை ஏமாற்றுவோரைப் பற்றியும் கலிக்ஸ்தினுஸ் ஏடு மறைக்காமல் பேசுகிறது. அதன் முதல் நூலில் உள்ள நீண்ட மறையுரை, நல்ல மதுவைச் சுவைக்கக் கொடுத்துத் தாழ்ந்த மதுவை விற்கும் விடுதிக்காரர்களையும், எடையில் ஏய்க்கும் நாணயமாற்றுவோரையும், பல நாள் நடைத்தொலைவுக்கு முன்பே ஆள் அனுப்பித் தம் விடுதிக்குப் பயணிகளை இழுப்போரையும் கடுமையாகக் கண்டிக்கிறது. இறுதி நாளின் பாதையோரங்களில் இன்று காணப்படும் தங்குமிட விளம்பரங்களுக்கு எண்ணூறு ஆண்டு முன்மரபு உண்டு என்பது இதனால் புலனாகும்.

வழிகாட்டி நூல் நகரத்துக்கு ஏழு வாயில்கள் இருந்ததாகச் சொல்லி, முதலாவதாகப் பிரெஞ்சு வாயிலைக் குறிக்கிறது. அது நின்ற இடம் இன்று 'வழி வாயில்' எனப்பட்டாலும் அங்கே வாயில் எதுவும் இல்லை. நகர மதிலும் வாயில்களும் இடிக்கப்பட்டுவிட்டன. ஏழனுள் மசரேலோஸ் வாயில் ஒன்றே எஞ்சியுள்ளது. அங்கிருந்து செர்வாந்தேஸ் சதுக்கம் வழியாக அசபாச்செரியா தெருவை அடையலாம். நிலக்கரி வகையைச் சேர்ந்த பளபளப்பான கருங்கல்லில் திருத்தூதர் உருவங்களும் சிப்பிகளும் செதுக்கி விற்ற கைவினைஞர்கள் பதினைந்தாம் நூற்றாண்டில் தனிக் கூட்டமைப்பாகச் செயல்பட்டதன் நினைவாக அத்தெரு அப்பெயர் பெற்றது.

கை பதித்த தூணும் ஆடும் தூபக்கலசமும்

இடைக்காலத் திருப்பயணி இத்தெரு முடியும் இடத்தில் வடவாயில் வழியாகவே பேராலயத்துள் நுழைந்தார். இன்றைய நடையாளர் அவ்வாயிலைக் கடந்து, பேராயர் மாளிகையின் வளைவுக்குக் கீழே இறங்கி, மேற்கிலுள்ள ஒப்ரதோய்ரோ சதுக்கத்தில் நடையை முடிக்கிறார். கல்தச்சர்களின் பட்டறைகள் இருந்ததால் அப்பெயர் பெற்ற இச்சதுக்கம், பதினெட்டாம் நூற்றாண்டின் முகப்பு எழுந்தபின் நகரின் முகமாயிற்று. முகப்புக்குப் பின்னே மறைந்திருப்பது, 1188ஆம் ஆண்டில் சிற்பி மத்தேயோ நிலைக்கற்களை நிறுவிய 'மகிமை வாயில்'. இதன் நடுத்தூணில் வலக்கையைப் பதித்துச் செபிக்கும் வழக்கத்தால் சலவைக்கல்லில் ஐந்து விரல்களின் குழிகள் ஆழமாகப் பதிந்துள்ளன. கல்லைக் காக்கும்பொருட்டு அவ்வாறு தொடுவது தடைசெய்யப்பட்டது. 2018ஆம் ஆண்டில் நிறைவுற்ற புதுப்பிப்புப் பணிக்குப்பின், வண்ணங்கள் மீண்ட அவ்வாயிலைத் திருப்பயணிகளும் அருங்காட்சியகப் பார்வையாளராகவே காண்கின்றனர். பலிபீடத்துக்குப் பின்னால் ஏறித் திருத்தூதரின் சிலையைத் தழுவுதலும், கீழறையில் வெள்ளிப் பேழையில் உள்ள திருப்பண்டங்களை வணங்குதலும் இன்றும் தொடர்கின்றன.

எட்டுப் பேர் கயிறிழுக்கக் குறுக்கு மண்டபத்தில் ஊசலாடும் 'போத்தாஃபுமெய்ரோ' என்னும் பெருந்தூபக்கலசமும் மரபு திரும்ப ஆக்கப்பட்ட இதே கதையைச் சொல்கிறது. இப்படியொரு கலசம் பதினான்காம் நூற்றாண்டிலிருந்தே சான்றுபெறுகிறது. ஆனால் பழைய வெள்ளிக்கலசத்தை நெப்போலியன் படையினர் கொண்டுசென்றபின், இன்றுள்ள வெள்ளிமுலாம் பூசிய பித்தளைக் கலசம் 1851ஆம் ஆண்டில் ஹோசே லொசாதாவால் செய்யப்பட்டது. அதன் எடை 53 கிலோ.

சான்றிதழும் திரும்பும் வழியும்

நடையை முடித்தோர் பேராலயத் திருப்பயணி அலுவலகத்தில் 'கொம்போஸ்தெலா' என்னும் இலத்தீன் சான்றிதழைப் பெறுகின்றனர். சிப்பியைப் போலியாக விற்கவும் வாங்கவும் முடிந்ததால், எழுத்துச் சான்று தேவைப்பட்டது என்பது ஒரு காரணம். ஃபிளாண்டர்சு நகரங்களின் நீதிமன்றங்கள் குற்றவாளிகளைத் திருப்பயணத்துக்கு அனுப்பித் தண்டித்தன என்பதும், அவர்கள் சென்று வந்ததற்கு ஆவணம் காட்டவேண்டியிருந்தது என்பதும் மற்றொரு காரணம். நடந்தோ குதிரையிலோ 100 கிலோமீட்டர், மிதிவண்டியில் 200 கிலோமீட்டர் என்ற தொலைவு விதி இருபதாம் நூற்றாண்டில் வகுக்கப்பட்டது. இடைக்காலத் திருச்சபை திருப்பயணி எப்படி வந்தார் என்று கேட்கவில்லை. இங்கிலாந்தின் வில்லியம் வே 1456ஆம் ஆண்டில் கப்பலேறி அ கொருன்யா துறைமுகத்தில் இறங்கியபோது, அங்கே திருப்பயணிகளோடு 80க்கும் மேற்பட்ட கப்பல்கள் நின்றன. அவற்றுள் 32 இங்கிலாந்தைச் சேர்ந்தவை. அவர்கள் துறைமுகத்திலிருந்து நடந்த தொலைவு, இன்றைய விதிப்படி சான்றிதழ் பெறப் போதாது.

இதனினும் முதன்மையான வேறுபாடு ஒன்று உண்டு. பர்கண்டியிலிருந்தோ பவேரியாவிலிருந்தோ நடந்துவந்தவருக்குக் கொம்போஸ்தேலா பயணத்தின் பாதித் தொலைவே ஆகும். அதே மலைகளையும் ஆறுகளையும் கொள்ளையரையும் கடந்து அவர் வீடு திரும்பவேண்டும். கத்தோலிக்க அரசர் பெர்தினாந்தும் அரசி இசபெல்லாவும் 1499ஆம் ஆண்டில் நிறுவ ஆணையிட்ட அரச மருத்துவ இல்லம், வந்துசேர்ந்து களைத்தோரை மீண்டும் நடக்கத்தக்கவராக ஆக்குவதற்கே தேவைப்பட்டது. 1954ஆம் ஆண்டிலிருந்து அது உயர்தர விடுதியாக இயங்குகிறது. சதுக்கத்தில் நடை நிறைவெய்துவதும், மறுநாள் விமானத்திலோ தொடர்வண்டியிலோ ஊர் திரும்புவதும் நவீனப் போக்குவரத்து உண்டாக்கிய முறை. காலையில் நடையாளரைச் சுற்றிச்செல்லவைத்த அதே விமான நிலையமே அவர் நடையை ஒருவழி நடையாக்கி, அதற்கு இறுதி நாளையும் அளித்தது.

மறைவும் மீட்பும்

இந்த வழி இடையறாது நடக்கப்பட்டதும் அன்று. பதினாறாம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தம் வட ஐரோப்பாவின் பயணிகளை நிறுத்தியது. கல்லறையில் கிடப்பது திருத்தூதரே என்பதற்கு உறுதி ஏது என்று லூத்தர் எள்ளினார். 1589ஆம் ஆண்டில் பிரான்சிசு டிரேக்கின் ஆங்கிலக் கப்பற்படை அ கொருன்யாவைத் தாக்கியபோது, பேராயர் திருப்பண்டங்களை மறைத்துவைத்தார். அவை எங்குள்ளன என்பதே நாளடைவில் மறந்துபோயிற்று. ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகள், பயணிகள் இருப்பிடம் அறியாத எலும்புகளை வணங்கிச் சென்றனர். 'சந்தியாகோ நேர்ச்சை' என்ற பெயரில் உழவரிடம் பெறப்பட்ட தானிய வரியைக் காதிஸ் நாடாளுமன்றம் 1812ஆம் ஆண்டில் நீக்கியது. 1830களில் மடங்களின் நிலங்கள் பறிக்கப்பட்டன. வழியோர விடுதிகளின் பொருளியல் அடிப்படை அத்துடன் குலைந்தது. 1879 ஜனவரியில் பேராலயத்தினுள் நடந்த அகழ்வில் எலும்புகள் மீண்டும் கிடைத்தன. 1884 நவம்பர் 1 அன்று பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் அவை உண்மையானவை என அறிவித்தார். ஆயினும் நடைவழி உயிர்பெறவில்லை. 1937ஆம் ஆண்டில் பிராங்கோ அரசு திருத்தூதரை நாட்டின் பாதுகாவலராக மீண்டும் அறிவித்தபின், அரசு விழாக்களுக்கு மக்கள் பேருந்திலும் தொடர்வண்டியிலும் வந்தனர்.

நடையை மீட்டெடுத்தவர்களுள் முதன்மையானவர், கலீசியாவின் எல்லையிலுள்ள ஓ செப்ரெய்ரோ மலையூரின் பங்குத்தந்தை எலியாஸ் வலீன்யா. வழியின் சட்ட வரலாற்றை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்ற அவர், 1980களில் சாலைப் பணியில் எஞ்சிய மஞ்சள் வண்ணத்தைக் கொண்டு பாறைகளிலும் மரங்களிலும் சுவர்களிலும் அம்புக்குறிகள் வரைந்து, காடுமண்டிய தடத்தை நடக்கத்தக்கதாக்கினார். 1989ஆம் ஆண்டில் மறைந்தார். 1987ஆம் ஆண்டில் ஐரோப்பிய அவை இவ்வழியை முதல் ஐரோப்பியப் பண்பாட்டு வழியாக அறிவித்தது. 1993ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. திருத்தூதரின் திருநாளான ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் வரும் ஆண்டு புனித ஆண்டு, 1993 அத்தகையது. அவ்வாய்ப்பைக் கலீசிய அரசு சுற்றுலா வளர்ச்சிக்குப் பயன்படுத்தி, சிற்றூர்தோறும் குறைந்த கட்டணத் தங்குமிடங்களையும் தொலைவு பொறித்த கருங்கற்களையும் நிறுவியது. 1992ஆம் ஆண்டில் 10 ஆயிரத்துக்கும் குறைவாக இருந்த சான்றிதழ்கள் 1993ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1 லட்சமாயின. 2024ஆம் ஆண்டில் 5 லட்சத்தை நெருங்கின.

ஆகவே, இந்த 20 கிலோமீட்டரில் ஆயிரம் ஆண்டுகள் மாறாமல் நின்றது என ஒன்றைச் சுட்டுவது கடினம்: காடு மாறியது, தடம் விலகியது, நீராடல் தேய்ந்தது, கோபுரங்கள் புதிதாயின, நுழையும் வாயில் வடக்கிலிருந்து மேற்குக்கு மாறியது, பயணத்தின் நடுப்புள்ளி அதன் முடிவாயிற்று. இதனால் இன்றைய நடை போலியாகிவிடாது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் ஹெல்மீரெசும் தம் காலத்துக்கேற்ப இவ்வழியை ஆக்கியவரே. வலீன்யாவின் மஞ்சள் அம்பு அவ்வாக்கத்தின் அண்மைக் கட்டம். மரபு என்பது எஞ்சிக் கிடப்பதன்று, தேவைப்பட்டோர் தேடி மீட்டுக்கொள்வது என்பதற்கு இவ்வழியினும் தெளிவான சான்று ஐரோப்பியச் சமய வரலாற்றில் அரிது. அடுத்த புனித ஆண்டு 2027ஆம் ஆண்டில் வருகிறது.